இருநூறு சதுர அடியில் குடித்தனம்

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடலாம். ‘சின்ன வீடு’ என்று எழுதினால் நம் ஊரில் வேறொரு வீட்டைத்தான் நினைப்பார்கள். ஆகவே இந்தப் பதிவு முழுக்கக் ‘குட்டி வீடு’.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு இயக்கமே நடக்கிறது. அங்கே 2018 மாதிரிக் கட்டட விதிகளின் பிற்சேர்க்கை ஒன்று, பரணைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டைத்தான் குட்டி வீடு என்கிறது. இதை வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் போய்ச் சொன்னால், “நானூறா? ரெண்டு போர்ஷன் விடலாமே” என்பார்கள். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என எங்கே பார்த்தாலும் மூன்று தலைமுறையாக 200 சதுர அடியில் குடித்தனம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் அதை இயக்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஈர்ப்பு என்ன என்று கேட்டால், பிழைப்பு பக்கத்தில் இருப்பது. ஹார்பர், மீன்பிடித் துறைமுகம், மின்ட், பாரீஸ், மூர் மார்க்கெட் எல்லாம் எட்டிப்பிடிக்கிற தூரம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. செங்குன்றம் தாண்டி மூன்று மடங்கு பெரிய வீடு கிடைக்கும். தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகும். அடுத்தது கரண்ட் பில். 75 வாட் சீலிங் ஃபேன் தினம் 18 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 81 யூனிட் இழுக்கும். அதே வேலையை 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 32 யூனிட்டில் முடிக்கும். அப்படி ஒரு பிஎல்டிசி ஃபேன், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், எல்இடி விளக்குகள் என்று வைத்தால் இரண்டு மாத ரீடிங் 100 யூனிட்டை ஒட்டியே நிற்கும்.

ஆனால் ஒன்று. குட்டி வீட்டைப் பற்றி வரும் வீடியோக்கள் எல்லாம் மடக்குக் கட்டிலையும் இழுப்பறை வைத்த படிக்கட்டையும் காட்டி அசத்துகின்றன. சோறு வடிக்கும்போது கிளம்பும் ஆவி எங்கே போகும் என்று எதுவும் காட்டுவதில்லை. இந்த ஊர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் குட்டி வீடு சங்கடமாவது சூடும் ஈரமும் சாக்கடைத் தண்ணீரும் வெளியே போக வழியில்லாமல்தான். சாமான் வைக்கிற இடத்தைப் பிறகு எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம்.

கணக்குக்கு ஒரு மனை எடுத்துக்கொள்வோம். 10 அடி அகலம், 25 அடி நீளம், 250 சதுர அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நாலு பக்கமும் 9 இன்ச் செங்கல் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது எட்டரைக்கு இருபத்திமூன்றரை, அதாவது 200 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்கைச் சுவரே தின்றுவிட்டது! தூண், பீம் போட்டு இடையில் 6 இன்ச் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கட்டை) அடைத்தால் 9-க்கு 24, அதாவது 216. கூடுதலாகக் கிடைக்கும் 16 சதுர அடி பாத்ரூமில் பாதி. ஏஏசி பிளாக் சூட்டையும் குறைவாகவே உள்ளே விடும். அதன் குறை, ஆணி பிடிக்காது. சாதாரண ஸ்க்ரூவில் ஷெல்ஃப் மாட்டினால் ஆறு மாதத்தில் பொடியோடு கையில் வரும். கனமான எதையும் பீமிலோ தூணிலோதான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு மறுபக்கம் பட்டை வாஷர் கொடுக்க வேண்டும். அதனால் எந்த ஷெல்ஃப் எங்கே வரும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டலாமா, முன்னால் எவ்வளவு விட வேண்டும் என்பது பகுதிக்குப் பகுதி மாறும். இன்ஜினியரைப் பார்க்கும் முன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உங்கள் தெருவைச் சொல்லிக் கேளுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2500 சதுர அடி வரையுள்ள மனைகளுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. பட்டா தெளிவாக இல்லையென்றால் இந்தப் பதிவில் உள்ள எதுவும் பயன்படாது.

இப்போது கதவு. 3 அடி ஒற்றைக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், அது சுழலும் கால்வட்டம் மட்டும் 7 சதுர அடி. அந்த இடத்தில் செருப்புகூட வைக்க முடியாது. பழைய ராயபுரம் வீடுகளில் இருக்கும் ரெட்டைக் கதவைப் பாருங்கள். ஒன்றரை அடியில் இரண்டு பலகை. இரண்டும் சேர்ந்து மூன்றரை சதுர அடிதான் கேட்கும். பகலில் ஒரு பலகையைச் சாத்தி ஒன்றைத் திறந்து வைத்தால் காற்றும் வரும், தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே விழாது. அந்தக் காலத்து ஆசாரிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

தரை மட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேசியக் கட்டட விதித் தொகுப்பு சுற்றுத் தரையிலிருந்து 450 எம்எம், அதாவது ஒன்றரை அடி என்கிறது. வடசென்னைக்கு அது போதாது. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார். அந்தக் கோட்டுக்கு மேல் அரை அடி உயர்த்துங்கள்.

அது 3 அடி வருகிறது என்று வைப்போம். 7 இன்ச் சொச்சத்தில் ஐந்து ஏற்றம், 10 இன்ச்சில் நாலு மிதி. படிக்கு மட்டும் 3 அடி 4 இன்ச் நீளம் போகும். தெருவில் நீட்டக் கூடாது. எனவே வீட்டின் முன்பக்கம் 3 அடி 4 இன்ச்சைப் பிரித்துவிடுங்கள். அகலத்தில் மூன்றரை அடி படிக்கு, மீதி ஐந்தரை அடி திண்ணைக்கு. சாயங்காலம் உட்கார, கீரை ஆய, காய்கறிக்காரரிடம் பேரம் பேச இந்தத் திண்ணைதான் ஹால். குட்டி வீட்டில் பாதி வாழ்க்கை வெளியேதான் நடக்கும். அதற்கு இடம் விடாமல் உள்ளே மட்டும் அலங்காரம் செய்வது வீண்.

திண்ணைக்குக் கீழே சம்ப். உள்ளளவு 5 அடிக்கு இரண்டரை அடி, நீர் உயரம் 3 அடி வைத்தால் சுமார் 1050 லிட்டர் பிடிக்கும். தலைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில் நாலு பேருக்கு இரண்டு நாள் தண்ணீர். மெட்ரோ தண்ணீர் லைனில் அழுத்தம் குறைவு, மேட்டுக்கு ஏறாது. அதனால் சம்ப்பின் நீர்மட்டம் தெருவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆனால் மூடி திண்ணை மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளம் உள்ளே இறங்காது. மூடிக்கும் நீருக்கும் இடையே உள்ள கழுத்துச் சுவரிலும் உள்ளும் வெளியும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு கட்டாயம். அங்கேதான் கசிவு தொடங்கும். சாக்கடைக் குழாயை எதிர்ப்பக்கச் சுவரோரம் கொண்டுபோங்கள். மாடியில் 500 லிட்டர் டேங்க் போதும். நிரம்பினால் தண்ணீர் மட்டும் அரை டன். தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் சேரும் மூலையில் வையுங்கள்.

கட்டும்போது போர்வெல் தண்ணீரைக் கலவையில் ஊற்ற விடாதீர்கள். மீஞ்சூர் தொடங்கி இந்தக் கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் போட்ட தளம் முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பக்கக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். உங்கள் தலைக்கு மேல் ஒரே ஒரு தளம்தான். பாதி வீட்டைக் காலி செய்து ரிப்பேர் பார்க்க வேறு அறை கிடையாது. கம்பிக்குக் கீழே வைக்கும் கவர் கட்டை 30 எம்எம்முக்குக் குறைய வேண்டாம். அதைக் கொத்தனார் மறந்துவிட்டு ஜல்லியை முட்டுக்கொடுப்பார். கான்கிரீட் போடும் அன்று காலை நீங்களே குனிந்து பாருங்கள்.

அடுத்தது எல்லோருக்கும் பிடித்த பரண்.

தளம் வரை 11 அடி உயரம் விட்டால், கீழே 6 அடி 8 இன்ச், பரணின் கனம் 4 இன்ச், மேலே 4 அடி. நாலு அடியில் நிமிர்ந்து உட்காரலாம், படுக்கலாம், படிக்கலாம். பரணைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு இங்கே பல வெல்டிங் பட்டறைகளில் 2 இன்ச் சதுர ட்யூப்பைத்தான் சொல்வார்கள். 50-க்கு 50, 3 எம்எம் ட்யூப்பை எட்டரை, ஒன்பது அடி நீளத்துக்கு 2 அடி இடைவெளியில் போட்டால் உடையாது, ஆனால் ஆள் ஏறினால் நடுவில் தொய்ந்து ஆடும். 80-க்கு 40, 3 எம்எம் ட்யூப்பை உயரவாக்கில் நிறுத்தினால் தொய்வு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். எடையும் அப்படி ஒன்றும் கூடிவிடாது. மேலே 18 எம்எம் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட். ட்யூப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள். காசிமேட்டுக் காற்றில் இரும்பு உள்பக்கமாகத்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ ட்யூப் என்றால் இன்னும் நல்லது, வெல்ட் பட்ட இடங்களில் மட்டும் ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும்.

ஏறுவதற்கு முழுப் படிக்கட்டு வைத்தால் 2 அடி அகலத்துக்கு 6 அடி நீளம், 12 சதுர அடி போகும். இடது காலுக்கு ஒரு மிதி, வலது காலுக்கு அடுத்த மிதி என்று மாற்றி மாற்றி வைக்கும் படியில் அதில் பாதி போதும். இளவட்டங்களுக்குச் சரி. அறுபது தாண்டியவர்கள், தூக்கக் கலக்கத்தில் இறங்கும் குழந்தைகள் இருந்தால் முழுப் படியே போடுங்கள். அதன் அடியில் பெட்டிகள் வைத்துக்கொள்ளலாம்.

பரணில் யார் படுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் அதைக் கீழே கக்கத் தொடங்கும். பரணில் படுத்தவர் முகத்துக்கும் தளத்துக்கும் மூன்று அடிதான் தூரம். சூடான காற்றும் மேலேயே தேங்கும். சீலிங் ஃபேன் பரணுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கை நீட்டினால் பட்டுவிடும். அங்கே சுவர் ஃபேன்தான். அதற்கும் மேலாக, பரண் மட்டத்தில் முன்சுவரிலும் பின்சுவரிலும் தலா ஒரு ஜன்னல், ஒன்றரை அடிக்கு இரண்டு அடியாவது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும்போது அந்த இரண்டையும் திறந்து வைத்தால் தேங்கிய சூடு வெளியே போகும். சித்திரையில் கடல்காற்று தாமதமாக வரும் நாட்களில் எதைச் செய்தாலும் பரணில் தூங்க முடியாது. கீழே பாய் விரித்துக்கொள்ள 6 அடிக்கு 5 அடி இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய முறை, இன்றும் மோசமில்லை. அதன் மேல் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். எண்ணூர், மணலி பக்கம் கரித்தூள் படிந்து வெள்ளை சீக்கிரம் சாம்பலாகிவிடும்; சாம்பலான வெள்ளை வெயிலைத் திருப்பாது. பங்குனியில் பிரஷ் போட்டுக் கழுவி, தேவைப்பட்ட இடத்தில் ஒரு கோட். இதைவிட மலிவான வழி, மாடியில் 7 அடி உயரத்தில் பச்சை நிழல் வலை. துணியும் காயும், தளமும் வெயிலில் சுடாது. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக அதை அவிழ்த்துவிடுங்கள்.

துணி என்றதும் ஈரத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பக்கெட் பிழிந்த துணியை வீட்டுக்குள் காயப்போட்டால், அதிலிருக்கும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் மொத்தமும் 200 சதுர அடிக் காற்றில்தான் கலக்கும். கூடவே குக்கர் ஆவி, குளியல் ஆவி, நாலு பேர் மூச்சு. இரண்டு வாரத்தில் பீரோவின் பின்புறச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும், பட்டுப்புடவையில் நாற்றம் ஏறும். பீரோவைச் சுவரிலிருந்து 2 இன்ச் தள்ளி வைத்தாலே பாதி குறையும். மீதிக்கு எக்ஸாஸ்ட்: சமையலறையில் 9 இன்ச், பாத்ரூமில் 6 இன்ச்.

எக்ஸாஸ்ட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு சமையலறை ஃபேனைப் போட்டால், அது பாத்ரூம் பக்கமிருந்து இழுக்கும். பாத்ரூம் தரையில் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் நகானி ட்ராப் வற்றியிருந்தால் சாக்கடை நாற்றம் நேராக அடுப்பங்கரைக்கு வரும். “பிளம்பிங் சரியில்லை” என்று டைல்ஸை உடைத்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, ட்ராப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். ட்ராப்பில் 50 எம்எம் தண்ணீர் நிற்கிற மாதிரி வாங்குங்கள். தட்டையாக, அழகாக இருப்பவை சீக்கிரம் வற்றும். கரப்பான் பூச்சி அந்த வழியாகத்தான் குடிவரும்.

சமையல் மேடை 2 அடி ஆழம் வேண்டாம், 20 இன்ச் போதும். உயரம் 32 இன்ச்சிலிருந்து 34-க்குள், சமைப்பவரின் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. அலமாரிக்குக் கடப்பா கல்லை மிஞ்ச எதுவுமில்லை. ஈரம், கரையான், உப்புக் காற்று எதுவும் தொடாது. சிலிண்டர் மேடைக்கு அடியில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைக் கதவு போட்டு அடைக்க வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். குட்டி வீட்டில் அடுப்பிலிருந்து நாலு அடியில், தரையில் பாய் போட்டு ஆள் படுத்திருப்பார். அதனால் மேடைக்கு அடியில், தரையை ஒட்டி, வெளிச்சுவரில் அரை அடி சதுரத்துக்கு எலி வலை அடித்த ஒரு துவாரம் விடுங்கள். படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது, வாசல் கதவைத் தாழ் போடுவது மாதிரி பழக வேண்டும். ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தயாரித்த தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

பாத்ரூமும் கழிவறையும் சேர்ந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி என்பது விதித் தொகுப்பின் கணக்கு. 5-க்கு 6 வைத்தால் சரியாக வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்; உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் தண்ணீர் உங்கள் கழிவறைக் கோப்பை வழியாகத்தான் எதிர்த்து வரும். வீட்டுக் கழிவுக் குழாய்கள் சேரும் சேம்பரில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டு, புரட்டாசியில் அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். முடி, சோறு, பிளாஸ்டிக் சிக்கினால் வால்வு மூடாது. அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு மேல். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். ஏசி என்றைக்காவது வரும் என்று நினைத்தால் இப்போதே தனி வயர் இழுத்து வையுங்கள், பிறகு சுவரை வெட்ட இடமிருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

கன்டெய்னர் வாங்கி வீடாக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். மணலி, மாதவரம் பக்கம் யார்டு யார்டாகக் கிடப்பதால் ஆசை வருவது சகஜம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 19 அடி 4 இன்ச்சுக்கு 7 அடி 8 இன்ச், உயரம் 7 அடி 10 இன்ச். சுவர் ஒன்றரை, இரண்டு எம்எம் இரும்பு. வெயிலுக்கு 2 இன்ச் பஃப் (சூடு தடுக்கும் நுரைப் பலகை) ஒட்டினால் அகலம் 7 அடி 4 இன்ச் ஆகிவிடும், கூரையும் தாழும், சீலிங் ஃபேன் போட முடியாது. ஏசி ஓடினால்தான் உள்ளே இருக்க முடியும் என்றால் குட்டி வீட்டின் கரண்ட் பில் லாபமே போச்சு. அது போகட்டும், டிரெய்லரும் கிரேனும் ராயபுரத்துச் சந்துக்குள் எப்படித் திரும்பும்?

கடைசியாகச் சொன்னாலும், முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று. பிளானைப் பேப்பரில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு மொட்டைமாடியில் கோலமாவால் முழு அளவில் கோடு போடுங்கள். சுவர்க் கனம், கதவு சுழலும் கால்வட்டம், மேடை, படி எல்லாம் வரைந்து, அட்டைப்பெட்டிகளை பீரோ, ஃபிரிட்ஜ் இருக்கும் இடத்தில் வையுங்கள். பிறகு வீட்டில் உள்ள எல்லோரும் காலை ஆறரை மணி வேலையை ஒரே நேரத்தில் நடித்துப் பாருங்கள்: ஒருவர் குளித்துவிட்டு வர, ஒருவர் அடுப்பில், ஒருவர் பாய் சுருட்ட, ஒரு பிள்ளை ஷூ தேட. இருவர் எங்கே இடித்துக்கொள்கிறார்களோ அங்கே கோட்டை அழித்து நகர்த்துங்கள். இரண்டு ஆள் கடக்கும் நடைபாதைக்கு இரண்டே முக்கால் அடி வேண்டும். ஒரு ஆளுக்கு 2 அடி. சரியாக வந்ததும் டேப் பிடித்து அளந்து, மேலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு ப்ளூபிரின்ட்டைவிட அந்தப் போட்டோதான் சட்டென்று புரியும்.